விஎம்களை (ஒரே கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள்) மொத்தமாக ஷட்டவுன் செய்யும்போது "மேக்ஸ்_கியூட்" எல்லை இடிக்கிறது. எண்ணை ஏற்றலாமா?

#1 கொருக்குப்பேட்டை_ரேக்

எங்கள் பக்கத்தில் துணைமின் நிலையப் பராமரிப்பு என்றால் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை கரண்ட் இருக்காது. கட்டடத்தில் ஜெனரேட்டர் இல்லை. யுபிஎஸ் மட்டும்தான்: 3 கேவிஏ, உள்ளே 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி 8. டிஸ்ப்ளேயில் லோடு 900 வாட் காட்டுகிறது.

ஒரு கேவிஎம் ஹோஸ்ட் (விஎம்களைச் சுமக்கும் கணினி), அவற்றை நிர்வகிக்க லிப்விர்ட், 24 விஎம். ஸ்கிரிப்ட் எளியதுதான். ஓடும் விஎம் பெயர்களை "விர்ஷ் லிஸ்ட்" மூலம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் "விர்ஷ் ஷட்டவுன்" கட்டளையைப் பின்னணியில் விடும். 15 நொடிக்கு ஒருமுறை, நிற்காதவற்றுக்கு மறுபடி அடிக்கும். யுபிஎஸ் பேட்டரிக்கு மாறியதும் இது தானாக ஓடும்.

17 விஎம் ஒழுங்காக நின்றுவிடுகின்றன. 7 மட்டும் நிற்பதில்லை. முதலில் "டைம்ட் அவுட்... கெனாட் அக்வயர் ஸ்டேட் சேஞ்ச் லாக்" என்று வருகிறது. கொஞ்ச நேரத்தில் அதே வரி "ட்யூ டு மேக்ஸ்_கியூட் லிமிட்" என்று மாறுகிறது. பார்த்தால் கெமு (ஒவ்வொரு விஎம்மையும் ஓட்டும் நிரல்) கான்ஃப் கோப்பில் மேக்ஸ்_கியூட் = 5 என்று யாரோ போட்டிருக்கிறார்கள். 24 விஎம் இருக்கும் இடத்தில் 5 எப்படிப் போதும்? 500 ஆக்கிவிடலாமா?

#2 பேசின்பாலம்

ஏற்ற வேண்டாம். அந்த 5 என்பது மொத்த ஹோஸ்ட்டுக்கு இல்லை, ஒவ்வொரு விஎம்முக்கும் தனித்தனி. 24 விஎம்முக்கும் ஆளுக்கு ஐந்து இடம் இருக்கிறது.

லிப்விர்ட்டில் ஒரு விஎம்மின் நிலையைத் தொடும் எந்த வேலையும் முதலில் அந்த விஎம்மின் ஜாப் லாக்கைப் பிடிக்க வேண்டும். ஒருவர் பிடித்திருந்தால் அடுத்தவர் வரிசையில் நிற்பார். 30 நொடிக்குள் கிடைக்கவில்லை என்றால் "டைம்ட் அவுட்" என்று திரும்பிவிடுவார். மேக்ஸ்_கியூட் சொல்வது அந்த வரிசையில் எத்தனை பேர் நிற்கலாம் என்பதை மட்டும். இயல்பான மதிப்பு 0, அதாவது எல்லையே இல்லை. 5 போட்டவர் விவரம் தெரிந்தவர்தான்.

உங்கள் ஷட்டவுன் கட்டளை வரிசையை நிரப்பாது. அது பவர் பட்டனை அமுக்கிவிட்டு உடனே திரும்பிவிடும், விஎம் நிற்கும்வரை காத்திருக்காது, லாக்கையும் விட்டுவிடும். ஆக, வேறு எதுவோ லாக்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறது. 15 நொடிக்கு ஒரு தடவை நீங்கள் அடிக்கும் ஷட்டவுன் எல்லாம் அதன் பின்னால் போய் நிற்கிறது.

பிழை வரியில் அடைப்புக்குறிக்குள் "ஹெல்ட் பை" என்று ஒரு பெயர் இருக்குமே, அது என்ன? முழு வரியைப் போடுங்கள்.

#3 கொருக்குப்பேட்டை_ரேக்

"ஹெல்ட் பை மானிட்டர்", அதன் பின்னால் "ரிமோட் டிஸ்பாட்ச் கனெக்ட் கெட் ஆல் டொமைன் ஸ்டாட்ஸ்". ஏழிலும் இதே பெயர்தான்.

#4 வண்ணை_வயர்

அது உங்க மானிட்டரிங் ப்ரோ. டொம்ஸ்டாட்ஸ் (விஎம் புள்ளிவிவரம்) எடுக்கிற ஏதோ ஒரு எக்ஸ்போர்ட்டர் 10 நொடிக்கோ 15 நொடிக்கோ ஒரு தடவை வந்து கேக்குது. சாதாரணமா அது மில்லிசெகண்ட்ல பதில் வாங்கிட்டுப் போயிடும். இங்க பதிலே வரலைன்னா கெமு மானிட்டரே (லிப்விர்ட் கெமுகூடப் பேசுற வழி) உறைஞ்சிருக்கு. கெமுவோட மெயின் லூப் டிஸ்க்ல போய் மாட்டிக்கிட்டா இப்படித்தான் ஆகும்.

அந்த ஏழு விஎம்மும் எந்த ஸ்டோரேஜ்ல இருக்கு?

#5 கொருக்குப்பேட்டை_ரேக்

17 விஎம் ஹோஸ்ட்டிலேயே என்விஎம்இ டிஸ்க்கில். ஏழு மட்டும் என்ஏஎஸ்-ல் (நெட்வொர்க்கில் இருக்கும் தனி ஸ்டோரேஜ் பெட்டி), என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) வழியாக.

என்ஏஎஸ் யுபிஎஸ்-ல்தான் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டேன்.

#6 வண்ணை_வயர்

ஸ்விட்ச்?

#7 கொருக்குப்பேட்டை_ரேக்

சுவர் பிளக்கில்.

#8 வண்ணை_வயர்

😀 முடிஞ்சுது கதை. கரண்ட் போன அந்த நொடியே ஸ்விட்ச் செத்துடுது. ஹோஸ்ட் உயிரோட, என்ஏஎஸ் உயிரோட, நடுவுல பாலம் இல்ல. என்எஃப்எஸ் ஹார்டு மவுண்ட்னா பதில் வர்ற வரைக்கும் விடாம காத்துக்கிட்டே இருக்கும். ஏழு கெமுவும் அங்கதான் நிக்குது.

#9 பேசின்பாலம்

அதுதான். ஆனால் ஸ்விட்சை யுபிஎஸ்-க்கு மாற்றிவிட்டு இழையை மூடிவிட வேண்டாம். இதே நிலை நாளை வேறு காரணத்தால் வரும்: என்ஏஎஸ் டிஸ்க் திணறலாம், கேபிள் கழன்றுகொள்ளலாம். அதனால் எல்லை எங்கெல்லாம் இருக்கிறது, எது எதைத் தடுக்கிறது என்பதை எழுதிவிடுகிறேன். இவை இரண்டு வேறு கோப்புகளில் இருப்பதால்தான் பலர் குழம்புகிறார்கள்.

கெமு கான்ஃபில் இருப்பது மேக்ஸ்_கியூட். விஎம் ஒன்றுக்கான வரிசை.

லிப்விர்ட்டி கான்ஃபில் (பின்னணியில் ஓடும் டீமன்கள் பிரிந்த அமைப்பாக இருந்தால் விர்ட்கெமுடி கான்ஃபில்) இருப்பவை மேக்ஸ்_வொர்க்கர்ஸ் 20, ப்ரையோ_வொர்க்கர்ஸ் 5, மேக்ஸ்_கிளையன்ட்_ரிக்வெஸ்ட்ஸ் 5. மூன்றும் இயல்பு மதிப்புகள். இவை டீமன் முழுவதற்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வரிசையில் நிற்கும் ஒவ்வொரு அழைப்பும் ஒரு வொர்க்கரை (டீமனுக்குள் வேலை செய்யும் த்ரெட்) பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. மேக்ஸ்_கியூட் 0 ஆக இருந்து, ஏழு விஎம் உறைந்தால், முதல் சுற்று ஷட்டவுனிலேயே ஏழு வொர்க்கர் போச்சு. 15 நொடி கழித்து இரண்டாம் சுற்றில் இன்னும் ஏழு. ஆக 14. மானிட்டரிங்கும் யாராவது திறந்து வைத்திருக்கும் விர்ட்-மேனேஜரும் மிச்சத்தை எடுத்துக்கொண்டால் 20-ம் காலி. அதன்பிறகு ஆரோக்கியமாக இருக்கும் 17 விஎம்மையும் தொட முடியாது. 500 போட்டிருந்தால் உங்களுக்கு அதுதான் நடந்திருக்கும். 17 நின்றதே அந்த 5 புண்ணியத்தில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக 5-ஐ மந்திரம் போல நம்பவும் முடியாது. நான்கு விஎம் உறைந்து, ஒவ்வொன்றிலும் ஐந்து பேர் நின்றாலே 20 வந்துவிடும். நான் 3 வைப்பேன், மேக்ஸ்_வொர்க்கர்ஸை 40 ஆக்குவேன். டீமனை மறுதொடக்கம் செய்தால் ஓடும் விஎம்களுக்கு ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம்.

#10 திருவொற்றியூர்_டெர்மினல்

ஒரு சந்தேகம் சார். 3 என்று வைத்து அதுவும் நிரம்பிவிட்டால், கடைசியில் "விர்ஷ் டெஸ்ட்ராய்" அடிக்கும்போதும் அதே பிழை வருமா? வந்தால் விஎம்மைக் கொல்லவே வழியில்லையே.

#11 பேசின்பாலம்

வராது. அதற்குத்தான் இரண்டு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்று, டெஸ்ட்ராய் ஜாப்புக்கு மேக்ஸ்_கியூட் கணக்கு பொருந்தாது. வரிசை நிரம்பியிருந்தாலும் உள்ளே போகும். இரண்டு, 20 வொர்க்கரும் மாட்டிக்கொண்டாலும் டெஸ்ட்ராய் போன்ற முன்னுரிமை அழைப்புகளை ப்ரையோ_வொர்க்கர்ஸ் எனும் தனிக் குழு எடுத்துக்கொள்ளும். அதை யாரும் 0 ஆக்கிவிடாதீர்கள்.

டெஸ்ட்ராய் என்றால் என்ன நடக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கெமுவுக்கு முதலில் சிக்டெர்ம் (நின்றுவிடு என்ற சிக்னல்) போகும். சுமார் 10 நொடி பார்க்கும். சாகவில்லை என்றால் சிக்கில் (கட்டாயமாகக் கொல்லும் சிக்னல்). அதன்பிறகு இன்னும் 30 நொடி பார்க்கும். "கிரேஸ்ஃபுல்" என்ற விருப்பத்தோடு அடித்தால் சிக்டெர்மோடு நின்றுவிடும். சாகாவிட்டால் பிழையோடு திரும்பும், சிக்கில் அனுப்பாது. பெயர் நல்லதாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்: கெமுவுக்குத்தான் அது கண்ணியமான சாவு, உள்ளே இருக்கும் ஓஎஸ்-க்கு பிளக்கைப் பிடுங்கியதுதான்.

#12 வண்ணை_வயர்

என்எஃப்எஸ்ல மாட்டின கெமுவுக்கு சிக்கில்லும் வேலைக்கு ஆகாம போகலாம். பிஎஸ் கட்டளையில பாத்தா நிலை "டி"ன்னு காட்டும். கெர்னல் உள்ள ஐஓவுக்குக் காத்துக்கிட்டு நிக்குது. "ஃபெயில்ட் டு டெர்மினேட் ப்ராசஸ்... டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிசி"ன்னு வந்தா இதான் அர்த்தம். திரும்பத் திரும்ப டெஸ்ட்ராய் அடிச்சு ப்ரையோ வொர்க்கர் அஞ்சையும் நிரப்பாதீங்க, அதுவும் போச்சுன்னா கையில ஒண்ணும் இல்ல. ஸ்டோரேஜை மேல கொண்டு வாங்க, ஸ்விட்சுக்கு கரண்ட் குடுங்க. பாக்கெட் போக ஆரம்பிச்சதும் எல்லாம் தானா நகரும்.

#13 மின்ட்_தெரு

கேள்வியை ஒருபடி பின்னால் இருந்து பார்ப்போம். 9 மணிக்குப் போகும் என்று முந்தைய நாள் பேப்பரிலேயே போட்டுவிடுகிறான். அப்புறம் எதற்காக ஷட்டவுனைப் பேட்டரியில் ஓட்டுகிறீர்கள்? 8:30-க்கு ஈபி கரண்ட்டிலேயே ஸ்கிரிப்டை ஓட்டினால் ஸ்விட்ச், என்ஏஎஸ் எல்லாம் உயிரோடு இருக்கும், அவசரமும் இல்லை. பேட்டரி வழி என்பது சொல்லாமல் போகும் கரண்ட்டுக்கு.

அந்த வழிக்கு நேரம் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுவிடலாம். 8 பேட்டரி × 12 வோல்ட் × 7 ஏஎச் = 672 வாட்-மணி. இது காகிதத்தில், மெதுவாக 20 மணி நேரம் எடுத்தால் கிடைப்பது. 900 வாட் லோடில் பாதிதான் கிடைக்கும் என்று வையுங்கள், 336. இன்வெர்ட்டர் இழப்புக்குப் பத்து சதவீதம் கழித்தால் சுமார் 302. அதை 900-ஆல் வகுத்தால் 0.33 மணி, அதாவது 20 நிமிடம். புதுப் பேட்டரிக்கு.

பேட்டரி எத்தனை வருடம்? இந்த வகைப் பேட்டரிக்கு ஆயுள் எழுதியிருப்பது 25 டிகிரிக்கு. ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. ஏசி இல்லாத அறை, ஏப்ரல் மே வெயில் என்றால் இரண்டு வருடத்தில் பாதிக் கொள்ளளவுதான் மிஞ்சும். ஆக 10 நிமிடம். அதில் 2 நிமிடம் கைக்காவல். உங்கள் கையில் இருப்பது 480 நொடி. இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் எத்தனை விஎம்மை ஒரே நேரத்தில் நிறுத்துவது என்று பேச வேண்டும்.

#14 கொருக்குப்பேட்டை_ரேக்

இரண்டரை வருடப் பேட்டரி. ஏசி உண்டு, ஆனால் கரண்ட் போனால் ஏசியும் போய்விடும்.

சரி, 480 நொடி என்று எடுத்துக்கொள்கிறேன். நானே ஸ்கிரிப்ட் எழுதாமல், ஹோஸ்ட் அணையும்போது விஎம்களை நிறுத்தும் லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் சர்வீஸிடம் விட்டுவிட்டால் ஆகாதா?

#15 பேசின்பாலம்

ஆகும், ஆனால் மூன்று விஷயம் தெரிந்துகொண்டு விடுங்கள்.

பேரலல்_ஷட்டவுன் 0 என்றால் எல்லை இல்லை என்று நினைப்பவர்கள் அதிகம். தலைகீழ். 0 என்றால் ஒன்றன்பின் ஒன்றாக. விஎம் ஒன்றுக்கு 25 நொடி என்றாலும் 24 × 25 = 600 நொடி. உங்கள் 480-ஐத் தாண்டிவிட்டது.

ஷட்டவுன்_டைம்அவுட், வரிசையாக நிறுத்தும்போது விஎம் ஒன்றுக்கானது. இணையாக நிறுத்தும்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று. ஒரே எண், இரண்டு பொருள். 300 என்று வைத்து வரிசையாக ஓடினால், அடம்பிடிக்கும் ஒரு விண்டோஸ் மட்டும் 480-ல் 300-ஐத் தின்றுவிடும். உங்கள் கோப்பில் இப்போது என்ன எண் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ மாறும்.

மூன்றாவது: எதை முதலில் நிறுத்துவது என்று சொல்ல அதில் வழியில்லை. டேட்டாபேஸ் முதலில் செத்து, அப்ளிகேஷன் அதைத் தேடிக்கொண்டு 90 நொடி நிற்கும் கூத்து நடக்கும். நேரம் முடிந்துவிட்டால் சர்வீஸ் கைவிட்டுவிடும், ஹோஸ்ட் தன் போக்கில் அணையும், மிச்ச விஎம்களுக்கு அது கரண்ட் கட் மாதிரிதான்.

அதனால் வரிசை முக்கியம் என்றால் சொந்த ஸ்கிரிப்ட், அதன் பின்னால் வலைபோல லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் (பேரலல் 6, டைம்அவுட் 120). லிப்விர்ட்டின் புதிய பதிப்புகளில் டீமனே விஎம்களை நிறுத்தும் "ஆட்டோ_ஷட்டவுன்" அமைப்புகளும் வந்துவிட்டன. அதையும் லிப்விர்ட்-கெஸ்ட்ஸையும் ஒன்றாக ஓடவிடக் கூடாது, ஏதாவது ஒன்று.

#16 புளியந்தோப்பு_பூட்

ஸ்கிரிப்ட் எழுதுவதானால் இந்த வரிசையில் எழுதுங்கள் ரேக் அண்ணா. படிக்குப் படி அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் மானிட்டரிங்கை நிறுத்துங்கள். நிறுத்த முடியாதென்றால் டொம்ஸ்டாட்ஸ் அழைப்பில் "நோவெயிட்" கொடியைப் போடுங்கள். லாக் கிடைக்காவிட்டால் வரிசையில் நிற்காமல், கிடைத்த விவரத்தோடு திரும்பிவிடும். எக்ஸ்போர்ட்டரில் அந்த வசதி இல்லை என்றால் கரண்ட் போன நொடியில் அந்த சர்வீஸையே நிறுத்துவதுதான் வழி.

அடுத்து, ஒவ்வொரு விஎம்மிலும் "டொம்ஜாப்இன்ஃபோ". சேவ், டம்ப், மைக்ரேஷன் ஓடிக்கொண்டிருந்தால் ஷட்டவுன் உள்ளே போகாது, 30 நொடியில் டைம்அவுட் ஆகும். முடிய நேரமிருந்தால் விடுங்கள், இல்லையென்றால் "டொம்ஜாப்அபார்ட்". பேக்கப் ஜாப் மட்டும் ஷட்டவுனைத் தடுக்காது, ஆனால் அந்த பேக்கப் கோப்பை அப்புறம் நம்பாதீர்கள்.

பிறகு முதல் கூட்டம்: வெப், அப்ளிகேஷன், டெஸ்ட் விஎம்கள். எக்ஸ்ஆர்க்ஸ் போட்டு ஒரே நேரத்தில் 6. ஏன் 6 என்றால், நிற்கும் விஎம் எல்லாம் கடைசியில் டிஸ்க்கில் எழுதும். 24-ஐயும் ஒன்றாக விட்டால் சாடா டிஸ்க் உள்ள என்ஏஎஸ் மூச்சுத் திணறி ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் எடுக்கும். என்விஎம்இ-யில் இருக்கும் 17-க்கு 8 கூடக் கொடுக்கலாம். என்ஏஎஸ்-ல் இருக்கும் 7-க்கு 3 போதும்.

ஷட்டவுன் ஒரே ஒரு தடவை. பிறகு 3 நொடிக்கு ஒருமுறை "டொம்ஸ்டேட்" பார்த்துக் காத்திருங்கள். டொம்ஸ்டேட் ஜாப் லாக் எடுக்காது, எத்தனை தடவை கேட்டாலும் வரிசை நீளாது. டொம்ஸ்டாட்ஸ், டொம்ப்ளாக்ஸ்டாட் எல்லாம் எடுக்கும், அவற்றை வைத்து நிலை பார்க்காதீர்கள். பெயரில் ஒரே எழுத்துதான் வித்தியாசம், கை தவறும்.

90 நொடியில் நிற்கவில்லை என்றால் வழியை மாற்றி இன்னொரு தடவை ஷட்டவுன் (ஏசிபிஐ-யில், அதாவது பவர் பட்டன் வழியில், போனதை விஎம்முக்குள் இருக்கும் ஏஜென்ட்டில், அல்லது மாறி). 120-ல் கிரேஸ்ஃபுல் டெஸ்ட்ராய். அதற்கும் மசியவில்லை என்றால் வெறும் டெஸ்ட்ராய், ஒரே ஒரு தடவை, பின்னணியில். அதன் முடிவுக்காக ஸ்கிரிப்ட் நிற்கவே கூடாது.

முதல் கூட்டம் முடிந்தால்தான் டேட்டாபேஸ். அதன்பிறகு டிஎன்எஸ், டொமைன் கன்ட்ரோலர். அப்புறம் என்எஃப்எஸ் அன்மவுண்ட், என்ஏஎஸ், கடைசியில் ஹோஸ்ட்.

#17 திருவொற்றியூர்_டெர்மினல்

டேட்டாபேஸுக்கு ஒரு குறிப்பு. மரியாடிபி, மைஎஸ்க்யூஎல் எதுவானாலும், திட்டமிட்ட நாளில் ஐந்து நிமிடம் முன்பே இன்னோடிபி-யின் டர்ட்டி பேஜ் (இன்னும் டிஸ்க்கில் எழுதாத பக்கம்) உச்ச சதவீதத்தை 0 ஆக்கிவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பஃபரில் இருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளிவிடும். பெரிய பஃபர் பூல் என்றால் நிறுத்தும் நேரத்தில் இந்த வேலைதான் நிமிடக்கணக்கில் இழுக்கும்.

போஸ்ட்கிரெஸ் என்றால் "ஸ்மார்ட்" முறையில் நிறுத்தாதீர்கள். கடைசி கிளையன்ட் போகும்வரை காத்திருக்கும். கனெக்ஷன் பூல் இருக்கும் இடத்தில் கிளையன்ட் தானாகப் போவதே இல்லை. "ஃபாஸ்ட்" போதும், அது பாதுகாப்பானதுதான்.

#18 மணலி_புதுநகர்

எங்கள் மாதிரி இடங்களில் பாதி விஎம் விண்டோஸ்தான், ரிமோட் டெஸ்க்டாப்பில் டாலி. அதற்கு "விர்ஷ் ஷட்டவுன்" அடித்தால் சில நேரம் நிற்கிறது, சில நேரம் கண்டுகொள்வதே இல்லை. இது கியூ பிரச்சினையா?

#19 பேசின்பாலம்

இல்லை, இது உள்ளே இருக்கும் பிரச்சினை. ஏசிபிஐ வழியாகப் போவது பவர் பட்டன் அமுக்கல் மட்டும். பவர் ஆப்ஷன்ஸில் அந்தப் பட்டனுக்கு "ஒன்றும் செய்யாதே" என்றோ "ஸ்லீப்" என்றோ இருந்தால் அதுதான் நடக்கும். "ஷட்டவுன்" என்று இருந்தாலும், சேவ் செய்யாத வவுச்சர் திரையில் நின்றால் "இந்த செயலி தடுக்கிறது" என்று விண்டோஸ் காத்திருக்கும்.

கெமு கெஸ்ட் ஏஜென்ட் நிறுவினால் இது தீரும். விண்டோஸ் ஏஜென்ட், ஷட்டவுனைக் கட்டாயப்படுத்தும் கொடியோடுதான் அனுப்புகிறது. செயலி சம்மதத்தைக் கேட்காது. அதுவே அதன் ஆபத்தும்: பாதி போட்ட வவுச்சர் போய்விடும். ஆகவே டாலி விஎம்மில் முதல் வேலை ஆட்களை வெளியே அனுப்புவது. மெசேஜ் தட்டிவிட்டு இரண்டு நிமிடம், பிறகு செஷன் லாக்ஆஃப், பிறகு ஷட்டவுன். 480 நொடிக் கணக்கில் இந்த 120-ஐயும் சேர்க்க வேண்டும், அதனால் டாலி விஎம்முக்கு மெசேஜ் கிளம்புவது ஸ்கிரிப்டின் முதல் வரியாக இருக்கட்டும்.

விருப்பம் எதுவும் தராமல் ஷட்டவுன் அடித்தால் லிப்விர்ட் ஏஜென்ட் இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் அதன் வழி, அது தோற்றால் ஏசிபிஐ. ஏஜென்ட் தொங்கிப்போயிருந்தால் அங்கே ஒரு காத்திருப்பு சேரும். "கெஸ்ட்-ஏஜென்ட்-டைம்அவுட்" கட்டளையால் விஎம்முக்கு விஎம் அதைக் குறைத்து வைக்கலாம், 5 நொடி போதும்.

அப்டேட் "அணைக்காதீர்கள்" என்று ஓடும் நாளுக்கு மட்டும் எந்தக் கணக்கும் நிற்காது. பராமரிப்புக்கு முந்தைய இரவே ஒரு ரீஸ்டார்ட் கொடுத்து அதை முடித்துவிடுங்கள்.

#20 எண்ணூர்க்_காற்று

லினக்ஸ் விஎம்மிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. உள்ளே வரிசையில் வரும் ஜாப்களைச் செய்யும் கியூ வொர்க்கர் ஓடுகிறது, ஒரு ஜாப் 4 நிமிடம் ஓடும் என்று வைப்போம். சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இயல்பாக ஒரு சர்வீஸுக்கு 90 நொடிதான் தரும், பிறகு சிக்கில். ஜாப் பாதியில் சாகும், கியூ அதை மறுபடி எடுத்துக்கொடுக்கும், கரண்ட் வந்ததும் ஒரே பில் இரண்டு தடவை போகும். டைம்அவுட்ஸ்டாப்செக் 300 என்று ஏற்றினால் உள்ளே சரியாகும், ஆனால் வெளியே உங்கள் ஸ்கிரிப்ட் 120-ல் டெஸ்ட்ராய் அடித்துவிடும்.

ஆக எண்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்க வேண்டும்: ஜாப் நேரம் அதைவிடப் பெரிய சர்வீஸ் டைம்அவுட்டுக்குள், அது விஎம் டைம்அவுட்டுக்குள், அது 480-க்குள். அடங்கவில்லை என்றால் 4 நிமிட ஜாப்பை 20 நொடித் துண்டுகளாக உடைப்பதுதான் வழி. கரண்ட் போனதும் புது ஜாப் எடுப்பதை மட்டும் நிறுத்தி, கையில் இருப்பதை முடிக்கவிடுங்கள்.

#21 மணலி_புதுநகர்

பிராக்ஸ்மாக்ஸில் (இன்னொரு விஎம் நிர்வாக மென்பொருள்) இந்த மேக்ஸ்_கியூட் எல்லாம் எங்கே இருக்கும்?

#22 புளியந்தோப்பு_பூட்

இருக்காது, பிராக்ஸ்மாக்ஸ் லிப்விர்ட்டைப் பயன்படுத்துவதில்லை. அங்கே வேறு சங்கதி. மொத்தமாக நிறுத்தும்போது ஒரே நேரத்தில் எத்தனை என்பது டேட்டாசென்டர் ஆப்ஷன்ஸில் மேக்ஸ்_வொர்க்கர்ஸ். விஎம்முக்கு "ஆர்டர்", "அப்", "டவுன்" மூன்றும் கொடுக்கலாம். ஏறும் வரிசைக்குத் தலைகீழாக இறங்கும், டவுன் சொல்லாவிட்டால் 180 நொடி காத்திருக்கும். ஆக வரிசை என்ற விஷயத்தில் அது லிப்விர்ட்-கெஸ்ட்ஸைவிட எவ்வளவோ மேல்.

அங்கே இடிப்பது "கான்ட் லாக் ஃபைல்... காட் டைம்அவுட்". முதலில் கொடுத்த ஷட்டவுன் டாஸ்க் இன்னும் காத்திருக்கிறது, லாக் கோப்பு அதன் கையில், பதற்றத்தில் "ஸ்டாப்" அடித்தால் நுழைய முடியவில்லை. ஓடும் டாஸ்க்கை முதலில் நிறுத்திவிட்டு ஸ்டாப் கொடுங்கள். புதிய பதிப்புகளில் ஸ்டாப்புக்கே "ஓவர்ரூல்-ஷட்டவுன்" விருப்பம் வந்துவிட்டது, அது இரண்டையும் சேர்த்துச் செய்யும். லாக் கோப்பை ஆர்எம் போட்டு அழிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

#23 கொருக்குப்பேட்டை_ரேக்

அருமை. ஸ்கிரிப்டை ஹோஸ்ட்டில் வைக்காமல் என் டெஸ்க்டாப்பில் இருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக ஓட்டலாமா? பைத்தானில் ஒரே கனெக்ஷன், 24 த்ரெட் என்று எழுத எண்ணம்.

#24 பேசின்பாலம்

டெஸ்க்டாப் யுபிஎஸ்-ல் இருக்கிறதா? 🙂 ஹோஸ்ட்டிலேயே வையுங்கள்.

ஒரே கனெக்ஷனில் 24 த்ரெட் விட்டால் மேக்ஸ்_கிளையன்ட்_ரிக்வெஸ்ட்ஸ் 5-ல் நிற்கும். மிச்சம் 19 சாக்கெட்டிலேயே காத்திருக்கும். முன்னால் போன ஐந்தும் உறைந்த விஎம்மில் மாட்டினால் கீப்அலைவுக்கும் (உயிரோடு இருக்கிறாயா என்ற சோதனை) பதில் வராது. 5 நொடி இடைவெளி, 5 தடவை, அரை நிமிடத்தில் கனெக்ஷனே அறுந்துவிடும். த்ரெட்டை 4-க்குள் வையுங்கள்.

அதற்கு மாற்றாக 24 தனித்தனி எஸ்எஸ்ஹெச் கனெக்ஷன் திறந்தால் எஸ்எஸ்ஹெச்டி-யின் மேக்ஸ்ஸ்டார்ட்அப்ஸ் தடுக்கும். இயல்பு 10:30:100. லாகின் முடியாத கனெக்ஷன் 10 ஆனதும் புதிதாக வருவதில் 30 சதவீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும். எந்த விஎம் விடுபட்டது என்று ஒவ்வொரு தடவையும் மாறிக்கொண்டே இருக்கும், தலையைப் பிய்த்துக்கொள்ளத் தோன்றும்.

#25 மின்ட்_தெரு

யுபிஎஸ் பக்கம் மிச்சம் மூன்று.

நட் (யுபிஎஸ்-ஐக் கண்காணிக்கும் மென்பொருள்) ஓட்டுகிறீர்கள் என்றால், பேட்டரிக்கு மாறிய நொடியே ஸ்கிரிப்டைக் கிளப்பாதீர்கள். நம்ம ஏரியாவில் 3 நொடி, 5 நொடிக்குப் போய்வருவது சாதாரணம். அதன் யுபிஎஸ்செட்டில் 45 நொடி டைமர் வையுங்கள், அதற்குள் கரண்ட் வந்தால் டைமரை ரத்து செய்ய இன்னொரு வரி. இந்த 45-ஐயும் 480-ல் கழியுங்கள்.

என்ஏஎஸ்-க்கும் யுபிஎஸ் அமைப்பு தனியாக இருக்கும். "பேட்டரியில் 5 நிமிடம் ஓடினால் பாதுகாப்பு நிலைக்குப் போ" என்று வைத்திருந்தால், ஹோஸ்ட் 6-வது நிமிடத்தில் விஎம்மை எழுதிக்கொண்டிருக்கும்போது அது கதவைச் சாத்திவிடும். மறுபடி #1-ல் சொன்ன அதே பிழை, இந்தத் தடவை ஸ்விட்ச் மேல் பழி போட முடியாது. நேரம் வைக்காமல் "பேட்டரி குறைந்தால்" என்று மாற்றுங்கள், அல்லது ஸ்கிரிப்டே கடைசியில் அதை அணைக்கட்டும்.

2 மணிக்குக் கரண்ட் வந்ததும் எல்லாம் தானாக ஏறும்படி வைத்திருந்தால், வந்த வேகத்தில் இன்னொரு தடவை போனால் பேட்டரி காலியாக இருக்கும். ஷட்டவுன் பாதியில் நிற்கும். பேட்டரி பாதியாவது ஏறிய பிறகு விஎம்களைக் கிளப்புங்கள், ஸ்டார்ட்_டிலே 20 நொடி கொடுங்கள்.

#26 கொருக்குப்பேட்டை_ரேக்

மாற்றியவை: மேக்ஸ்_கியூட் 3, மேக்ஸ்_வொர்க்கர்ஸ் 40, என்விஎம்இ கூட்டம் 8, என்ஏஎஸ் கூட்டம் 3, டொம்ஸ்டேட் பார்த்துக் காத்திருத்தல், 120-ல் கிரேஸ்ஃபுல் டெஸ்ட்ராய். ஈபி கரண்ட் இருக்கும்போதே ஒரு ஓட்டம் ஓட்டினேன்: டாலி மெசேஜில் இருந்து டொமைன் கன்ட்ரோலர் நிற்கும்வரை 310 நொடி. டைமர் 45 சேர்த்தால் 355.

ஸ்விட்சை யுபிஎஸ்-க்கு மாற்றப் போனால் யுபிஎஸ் பின்பக்கம் முழுக்க ஐஇசி சி13 சாக்கெட், ஸ்விட்ச் அடாப்டர் நம்ம ஊர் மூன்று பின். சொருக முடியவில்லை. அதனால்தான் முன்னால் இருந்தவர் சுவரில் போட்டிருக்கிறார்.

#27 வண்ணை_வயர்

சி14 பிளக் ஒரு முனையும் இந்திய 6 ஆம்ப் சாக்கெட் மறு முனையுமா இருக்கிற வயர் ரிச்சி தெருவுல கிடைக்கும், வாங்கி மாட்டுங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு அதுல மிச்சம் இருக்கிற ஓட்டையில யாரும் லேசர் பிரின்டர் சொருகாம பாத்துக்கோங்க, சூடேறும்போது ஆயிரம் வாட் இழுக்கும், இருக்கிற பேட்டரி நேரத்தையும் தின்னுடும். அடாப்டர் தலை கனமா இருந்தா கேபிள் டை போட்டுக் கட்டிடுங்க, கூட்டுற அம்மா துடைப்பம் பட்டுக் கழன்டா மறுபடியும் ஏழு விஎம்.